வெஸ்டா என்று சீட்டு ஒட்டிய நிலாக்கல்

மார்ச் 3, செவ்வாய்

ஒருவழியாகக் கருவிக்குப் புது உணரி பொருத்திவிட்டுப் போனார்கள். பொருத்த வந்த இருவரும் கதவில் நான் ஒட்டியிருக்கும் தாளைப் படித்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். துறைத் தலைவர் மட்டும் வழக்கம்போல் ஷூவோடு. ‘தூசி ஆகாது, காலணியை வெளியே விடவும்’ என்று பத்தொன்பது வருடமாக எழுதி வைத்திருக்கிறேன். மூன்று முறை தாள் பழுத்து மாற்றியாகிவிட்டது. அவர் கண் அதன் மேல் பட்டதே இல்லை. கல்லைப் பார்த்த மாத்திரத்தில் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும் கண், தாளைப் பார்க்காது. கல் அறுத்துத் தேய்க்கிற தகட்டண்ணன் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘தராசுக்கண்’. முகத்துக்கு நேராகச் சொல்கிற தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

புது உணரி சரியாக எண்ணுகிறதா என்று பார்க்கத் தெரிந்த கல் ஒன்று வேண்டும். அலமாரியின் மூன்றாம் தட்டில் இருக்கும் வெஸ்டாக் கல்லில் அறுத்துத் தேய்த்த மெல்லிய தகட்டை எடுத்து வைத்திருக்கிறேன். எட்டு வருடம் முன்பு சாலை அளக்கும் சர்வேயர் ஒருவர் வெட்டவெளியில் கண்டெடுத்துக் கொண்டுவந்த விண்கல். கைப்பிடி அளவு, மேலே உருகிக் கறுத்த தோல், உள்ளே சாம்பல் நிறத்தில் வெள்ளைச் சில்லுகள். அதன் எண்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். நாளை மறுநாள் பார்ப்போம்.

மார்ச் 5, வியாழன்

அறுபத்தாறு.

முப்பத்துமூன்று வர வேண்டிய இடத்தில் அறுபத்தாறு! உணரியில்தான் கோளாறு என்று பொருத்தியவர்களைத் திட்டிக்கொண்டே அளவுக்கற்களை வைத்துப் பார்த்தேன். அவை எல்லாம் சரியாக வருகின்றன. மறுபடி வெஸ்டாக் கல். அறுபத்தைந்து, அறுபத்தெட்டு, அறுபத்தாறு.

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். கருவி எலக்ட்ரான் கதிரைக் கல்லில் ஒரு புள்ளியில் குத்தும். அந்தப் புள்ளியில் இருக்கும் ஒவ்வொரு தனிமமும் தன் கதிரைத் திருப்பி வீசும். அதை எண்ணுவது என் பிழைப்பு. பைராக்சீன் என்கிற தாது மணிகளில் இரும்பை மாங்கனீசால் வகுத்தால் வரும் எண், அந்தக் கல் பிறந்த வீட்டின் முகஜாடை. வெஸ்டா என்கிற குறுங்கோளுக்கு முப்பதிலிருந்து முப்பத்தைந்து. நம் பூமிக்கு நாற்பது சொச்சம். அறுபதுக்கு மேல் போனால் — 

அந்த வார்த்தையை இன்றைக்கு எழுத மாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும். நிலா.

எட்டு வருடத்துக்கு முந்தைய என் வேலை நோட்டை எடுத்தேன். குரோமியம் என்றொரு தனிமம் இந்தக் கல்லில் உண்டு. அதன் இரண்டாவது கதிர், மாங்கனீசின் முதல் கதிர் விழும் இடத்திலேயே கிட்டத்தட்ட வந்து விழும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். அதையும் மாங்கனீசாகவே எண்ணிக்கொள்ளும். அதைக் கழிப்பதற்கென்று திரையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட வேண்டும். எந்தத் துடைப்பக்கட்டைக்கும் தெரியும். அந்த வாரம் கருவியைப் பழுது பார்த்தவர்கள் எல்லா அமைப்பையும் பழையபடி ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்டம் காலி. நான் பார்க்கவில்லை. இல்லாத மாங்கனீசை எல்லாம் இருக்கிறதாக எண்ணி, அறுபத்தாறை முப்பத்துமூன்றாக்கி, நிலவை வெஸ்டாவாக்கி, அலமாரியில் வைத்துவிட்டோம்.

வைத்து‘விட்டோம்’ என்ன? வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் கண்டேன். அடுத்த பக்கத்தில் ஆலிவின் என்கிற இன்னொரு தாதுவின் மணிகள், நான்கு புள்ளிகள்: 92, 95, 91, 97. ஆலிவினில் குரோமியம் இல்லாத மாதிரிதான், அதனால் அவை அன்றைக்கே சரியாக வந்திருக்கின்றன. நிலவுக்கு ஆலிவினில் தொண்ணூறு சொச்சம்தான் கணக்கு. நான்கையும் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். பக்கத்தில் என் கையெழுத்திலேயே: ‘ஒத்துவராத புள்ளிகள். தலைவர் விடச் சொன்னார்.’

ஒத்துவராததாம். உண்மை சொன்ன நாலு பேரையும் வெளியே துரத்திவிட்டு மிச்சத்தைச் சராசரி எடுத்திருக்கிறோம்.

மார்ச் 11, புதன்

தலைவரிடம் சொன்னேன். எண்கள் எழுதிய தாளையும் வைத்தேன். பார்க்கவில்லை.

“அந்தக் கல்ல நான் கையில எடுத்தப்பவே தெரியும்மா, அது வெஸ்டா.”

“கைக்கு மாங்கனீசு தெரியாது சார்.”

கொஞ்சம் அதிகம்தான். வாயிலிருந்து வந்துவிட்டது, பிடித்து உள்ளேயா போட முடியும்? அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய பெரிய கட்டுரைக்கே அந்தக் கல்தான் அச்சாணி. அதில் கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார், தண்ணீர் கேன் போடுகிறவருக்குச் சொல்கிற மாதிரி.

“நீங்க கருவி ஓட்டுறவங்க. எண்ணிக் குடுங்க. அது என்னன்னு சொல்றதுக்கு நாங்க இருக்கோம்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் பிடித்துக் கொடுத்த முயல் ஐயா அது! நாலாவது காலை மறைத்துக் கொடுத்தவளே நான்தான். இதோ கால் என்று கொண்டுவந்தால் பார்க்கக்கூட மாட்டாராம்.

மார்ச் 12, வியாழன்

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலை ஷிஃப்ட் பஸ் ஓட்டிவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பொறுமையாகக் கேட்டார்.

“ஆக, அது நிலாக் கல்லா இருந்தா, தப்பு உன்னோடது. வெஸ்டாவாவே இருந்துட்டா யாருக்கும் தப்பு இல்ல.”

“ஆமா.”

“உன் வேலைய வருஷா வருஷம் நீட்டிச்சுக் கையெழுத்துப் போடுறதும் அந்த ஆளுதான்.”

“ஆமா. ஜூன் முப்பது.”

“அப்ப நீ என்ன பண்ணப் போறேன்னு கேக்குறதே வேஸ்ட்டு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.” பிறகு, “தப்பான ரூட்ல போயிட்டேன்னு தெரிஞ்சா, பஸ்ஸத் திருப்பித்தான் ஆகணும். உள்ள உட்காந்திருக்கிறவன் திட்டத்தான் செய்வான்” என்றார்.

கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் இந்த மனிதர் சொன்ன ஒரே உருப்படியான வாக்கியம். அவரிடம் சொன்னால் தலைக்கேறிவிடும். சொல்லப் போவதில்லை.

மார்ச் 16, திங்கள்

இன்னொரு விதமாகவும் சோதித்தால்தான் வாயடைக்க முடியும். ஆக்சிஜன் சோதனை. கல்லில் ஆக்சிஜனின் வகைகள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று பார்ப்பது; வரைபடத்தில் ஒவ்வொரு கோளுக்கும் அதற்கென்று ஒரு கோடு உண்டு. அது எங்களிடம் கிடையாது, வெளியே அனுப்ப வேண்டும். கல்லிலிருந்து துண்டு வெட்டத் தலைவர் கையெழுத்து வேண்டும். போடுவாரா? பூனைக்கு மணி கட்டச் சொல்லிப் பூனையையே கேட்கிற கதை.

தகட்டண்ணனின் அறைக்குப் போய்ப் புலம்பினேன். ரம்பத்தை நிறுத்தினார். கை கழுவினார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டி. உள்ளே நூற்றுக்கணக்கில் காலி மாத்திரை டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் கல் எண், தேதி.

“வெட்டுனதுல சிதறுனது. இருபத்தாறு வருஷமா ஒரு கல்லோட பொடியக்கூட நான் கூட்டித் தள்ளுனதில்லம்மா.”

“யார் சேர்த்து வைக்கச் சொன்னாங்க, அண்ணே?”

“யாரும் சொல்லல. யாரும் வேணாம்னும் சொல்லல.”

எங்கள் கல்லின் டப்பாவில் அரை விரல் நகம் அளவுக்கு நாலு சில்லு. போதும், போதும்.

மார்ச் 17, செவ்வாய்

இரண்டு உறை அனுப்பினேன். ஒன்றில் சில்லு, ஆக்சிஜன் பார்க்கிற ஆய்வுக்கூடத்துக்கு. அங்கே கருவி ஓட்டுகிற பெண்ணும் நானும் பல வருடமாகக் கடிதத்திலேயே சண்டை போட்டுப் பழகியவர்கள். சும்மா செய்து தருகிறாள்.

இன்னொன்று, விண்கற்களுக்குப் பெயரும் வகையும் பதிவு செய்கிற குழுவுக்கு. முதல் வரியே இதுதான்: ‘எட்டு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கல்லைத் தவறாக அளந்தவள் நான்.’ தபால்பெட்டியின் வாயில் உறையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். எனக்கு மடியில் கனம் இருக்கிறது. அதை நானே எடுத்து எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டால் பிறகு எவன் என் மடியைச் சோதிப்பான்?

போட்டுவிட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

கல்லைக் கண்டெடுத்த சர்வேயருக்குத் தொலைபேசினேன். அவருக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை.

“நிலாவா?” என்றார். “எட்டு வருஷமா மாமியார் வீட்டுல வெஸ்டா, வெஸ்டான்னு பீத்திட்டு இருக்கேனேம்மா. அவங்களுக்கு அது எங்க இருக்குன்னு புரிய வைக்கவே மூணு வருஷம் ஆச்சு.”

“மன்னிச்சிடுங்க சார்.”

“நிலான்னா சுலபம். கை காட்டிடலாம்” என்றார்.

ஏப்ரல் 9, வியாழன்

ஆக்சிஜன் முடிவு வந்தது. உறை துறை முகவரிக்கு வந்ததால் தலைவர் கையில் முதலில் சிக்கியது. என் முட்டாள்தனம், வீட்டு முகவரி கொடுத்திருக்க வேண்டும். ஷூ சத்தம் வராந்தாவிலேயே கேட்டது. அப்படியே கருவி அறைக்குள் வந்து தாளை மேசையில் போட்டார்.

“யாரக் கேட்டு அனுப்பினீங்கன்னு அப்புறம் பேசலாம். படிங்க.”

படித்தேன். இந்தக் கல்லின் ஆக்சிஜன் பூமியின் கோட்டிலேயே அச்சாக உட்கார்ந்திருக்கிறது.

“வெஸ்டா இல்லதான். ஒத்துக்கறேன்.” சிரித்தார். “ரோட்டோரக் கல்லு! அத நிலான்னு சொல்லி ஊர் ஊரா அனுப்பி வச்சிருக்கீங்க.”

வெஸ்டா இல்லை என்று ஒத்துக்கொண்டது கூட அவருக்கு உறைக்கவில்லை, என்னைத் தட்டுவதற்கு ஒரு கட்டை கிடைத்த சந்தோஷத்தில்.

ஏப்ரல் 10, வெள்ளி

நேற்று பதில் சொல்லாமல் நின்றுவிட்டேனே என்று இன்றைக்கு முழுக்க எரிகிறது. தெரியாமலா நின்றேன்? பூமிக்கும் நிலவுக்கும் ஆக்சிஜன் ஒரே கோடு. ஒரே வீட்டுப் பிள்ளைகள். இது அவர் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம். கோபம் வந்தால் படித்ததும் மறந்துவிடும் போலிருக்கிறது.

சரி, ரோட்டோரக் கல் என்றே வைப்போம். ரோட்டோரக் கல்லுக்கு உருகிய தோல் எங்கிருந்து வந்தது? அடுப்பில் வைத்தார்களா? வெள்ளைச் சில்லுகள் எல்லாம் அனார்த்தைட் என்கிற தாது, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு சுண்ணாம்பு வகை. அதில் சோடியம் பேருக்குத்தான் இருக்கிறது, நிலாக் கற்களில் இருக்கிற மாதிரியே. தண்ணீர் பட்டு உண்டாகும் தாது ஒன்றுகூட இல்லை. நம்மூர்க் கல் எதுவாக இருந்தாலும் எங்காவது ஒரு மூலையில் தண்ணீரின் கைரேகை இருக்கும். துருப்பிடிக்காத தனி இரும்புத் துகள் இருக்கிறது. இம்மினியூண்டு கண்ணாடி உருண்டைகள் இருக்கின்றன. காற்றில்லாத தரையில் வேறொரு கல் வந்து மோதி, மண்ணை உருக்கித் தெறிக்கவிட்டால் வருகிற உருண்டை. அப்புறம் அந்த அறுபத்தாறு.

தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் சமாளித்துவிடும். எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் ஒரே ஊர்ப் பேரைத்தான் சொல்வார்கள். இதை நேற்று நான் சொல்லியிருக்கணும். வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?

ஒன்றும் மோசமில்லை. இதையெல்லாம் தட்டச்சு செய்து குழுவுக்கே அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 22, புதன்

கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். குரல் மென்மை. அதுதான் பயமே.

“பாருங்கம்மா. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இது பெருசாச்சுன்னா, அன்னைக்கு அளந்ததுல என்ன தப்பு நடந்துச்சு, யாரு பண்ணாங்கன்னு எழுத வேண்டி வரும். பத்தொம்போது வருஷ சர்வீஸ்.”

“எழுதியாச்சு சார்.”

“என்னது?”

கடிதத்தின் நகலை எடுத்து வைத்தேன். முதல் வரியைப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். அவரிடம் இருந்த ஒரே கத்தி அது, அதை மார்ச்சிலேயே நான் குழுவின் மேசையில் வைத்துவிட்டேன். அடுத்த பத்தியில் அடிக்கப்பட்ட நாலு ஆலிவின் புள்ளிகள். யார் சொல்லி அடித்தேன் என்பதும்.

“இத எழுதணும்னு அவசியமா?”

“நோட்டுல இருக்கு சார். நான் சேர்க்கவும் இல்ல, விடவும் இல்ல.”

கருவி அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். நாளையிலிருந்து அலமாரிக் கற்களுக்குப் பட்டியல் போடும் வேலை.

படிக்கட்டு வரை வந்துவிட்டேன். அழுதேனா? அழுதேன். எவனுக்கும் தெரியாது, இந்த நோட்டுக்கு மட்டும்.

ஏப்ரல் 23, வியாழன்

ஒரு சாவி குறைந்ததும் கொத்து இவ்வளவு லேசாகிவிடுமா?

மே 4, திங்கள்

இருநூற்றுப் பன்னிரண்டு கற்களைத் துடைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் சீட்டிலும் பெயர், வகை, எடை, கண்டவர், வகைப்படுத்தியவர். ‘அளந்தவர்’ என்று ஒரு வரி எந்தச் சீட்டிலும் இல்லை. எண் மரத்திலா காய்த்தது? சரியாக அளந்தபோது பெயர் இல்லை, அதனால் தப்பாக அளந்தபோதும் பெயர் இல்லை. இத்தனை நாளும் அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்திருக்கிறது. இதையும் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாம் தட்டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். வெஸ்டா என்று சீட்டு. கல்லைக் கையில் எடுத்தேன். சத்தியமாக, கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

இவர் பகலில் அழைத்தார். “ஜூன் முப்பதுக்கு மேல வேலை இல்லன்னா கண்டக்டரா வந்துடு. எண்ணத் தெரிஞ்ச ஆளு கிடைக்க மாட்டேங்குது.” சிரிப்பு வந்தது. பயமும் வந்தது. இந்தக் கருவியை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்? தெரியவில்லையே.

மே 18, திங்கள்

குழுவிடமிருந்து கடிதம். தலைவருக்கு; நகல் எனக்கு. கல்லை வேறோர் ஆய்வுக்கூடத்தில் தனியாக அளக்கப் போகிறார்களாம். அதற்கு முன், பழைய அளவில் பதிவான எல்லாப் புள்ளிகளும் வேண்டுமாம். கீழே ஒரு வரி: ‘நீக்கப்பட்டவை உட்பட, அளந்தவர் கையொப்பத்துடன்.’

அளந்தவர். நான் அந்த ஒரு சொல்லை ஏழெட்டு முறை படித்தேன்.

தலைவர் நோட்டைக் கேட்டு ஆள் அனுப்பினார். கொடுக்கவில்லை. நானே கொண்டுபோய், அவர் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாக நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டேன். சிவப்பு மை நகலில் கறுப்பாகத்தான் வந்தது. ஓரத்தில் ‘இது சிவப்பு’ என்று எழுதினேன். கடைசிப் பக்கம் முடிந்ததும், “அந்த நாலு புள்ளியை நான் விடச் சொன்னேனா?” என்று மட்டும் கேட்டார். மெய்யாகவே நினைவில்லாத முகம். அதுதான் எனக்கு ஆறவில்லை. எனக்கு இரண்டு மாதமாகத் தூக்கம் கெட்ட விஷயம், அவருக்கு நினைவிலேயே இல்லை.

ஜூன் 11, வியாழன்

நிலா.

தனியாக அளந்தவர்களுக்கு பைராக்சீனில் அறுபத்தேழு. ஆலிவினில் தொண்ணூற்று நாலு. நிலவின் மேட்டுப் பகுதியில், மேல்மண் அடிபட்டு அடிபட்டு இறுகிக் கல்லானது, ஃபெல்ஸ்பார் என்கிற வெள்ளைத் தாது மிகுந்தது, என்று வகை எழுதியிருக்கிறார்கள். குழுவில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை.

தகட்டண்ணனிடம் ஓடினேன். ரம்பச் சத்தத்தில் காதில் விழவில்லை. ஜன்னல் பக்கம் மேலே கை காட்டினேன். நல்ல வெயில், பட்டப்பகல், அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் புரிந்துகொண்டார். அந்தக் காலி மாத்திரை டப்பாவை எடுத்து, துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

ஜூன் 30, செவ்வாய்

நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்து வந்தது, மாலை நாலே முக்காலுக்கு. சாவி வரவில்லை.

ஜூலை 6, திங்கள்

புதுச் சீட்டு எழுதும் வேலை பட்டியல்காரியான என் தலையில்தான் விழுந்தது. எழுதினேன். வகைப்படுத்தியவர் வரிக்குக் கீழே நானாக இரண்டு வரி சேர்த்தேன். ‘முதல் முறை தவறாக அளந்தவர்’ — என் பெயர். ‘மறுமுறை அளந்தவர்’ — என் பெயர். பொடி காத்தவர் என்று அண்ணனுக்கும் ஒன்று போட்டேன். அவர் வெட்கப்பட்டு, “அடிச்சிரும்மா” என்றார். அடிக்கவில்லை. இனிமேல் எதையும் அடிக்கிறதாக இல்லை.

தலைவர் ஒப்புதலுக்கு அனுப்பினேன். கிழித்துப் போடுவார், மறுபடி எழுதுவேன், மறுபடி கிழிப்பார் என்று நாலு பிரதி எழுதி வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. கீழே ஒரு வரி கூடியிருந்தது, அவருடைய கோணல் கையெழுத்தில்: ‘நான்கு புள்ளிகளை விடச் சொன்னவர்’ — அவர் பெயர்.

மீதி மூன்று பிரதியை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 14, செவ்வாய்

காலையில் என் மேசையில் சாவி இருந்தது. உறை இல்லை, சீட்டு இல்லை, வெறும் சாவி.

பதினொரு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். இந்த அறைக் கதவை யார் தட்டுவார்கள்? தலைவர். கையில் ஒரு புதுத் தகடு, தகட்டண்ணன் தேய்த்துக் கொடுத்தது.

“எதுல இருந்து வந்ததுன்னு நெனைக்கிறீங்க, சார்?” என்றேன். குத்தலாகத்தான்.

“நான் சொல்லல. நீங்க எண்ணுங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தகட்டைக் கருவிக்குள் வைத்துக் காற்றை வெளியேற்றினேன். முதல் வேலையாகக் குரோமியக் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அவரும் எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்க்கும்போதுதான் கவனித்தேன், அவருக்கு இடது கால் சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஒரு ஓட்டை. கதவுக்கு வெளியே, என் செருப்புக்குப் பக்கத்தில், நாடா அவிழ்த்த கறுப்பு ஷூ.